மாமா எங்கே நிற்கிறார்? ரேடார் டிடெக்டர் வாங்குவது பற்றி

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சில கேள்விகளுக்கு ஓய்வே கிடையாது. ஊரிலிருந்து எந்த கிரைண்டரைத் தூக்கி வரலாம், எடிசனில் கூட்டமில்லாத பல் டாக்டர் யார், கிரீன் கார்டு தேதி இந்த மாதமாவது நகர்ந்ததா. அந்த வரிசையில் தவறாமல் வருகிற இன்னொன்று, ‘ரேடார் டிடெக்டர் வாங்கலாமா பாஸ்?’ போலீஸ் மாமா வேகம் அளக்க வீசும் ரேடார் அலையைத் தூரத்திலேயே கேட்டுக் கத்தும் பெட்டி அது. கேட்கிறவர் அநேகமாக அந்த வாரம்தான் வேகமாக ஓட்டியதற்குப் போலீஸிடம் டிக்கெட் வாங்கியிருப்பார். உடனே குழு இரண்டாகப் பிரியும். ‘காசைக் கரியாக்காதீங்க, போனில் வழிகாட்டும் வேஸ் ஆப் போதும்’ என்று ஒரு கட்சி. ‘ஒரே ஒரு டிக்கெட் தப்பித்தால் போட்ட காசு வந்துவிடும்’ என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்கு நிரந்தரத் தலைவர் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். மதுரைக்காரர். நான் நியூஜெர்சிக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே வந்தவர். அவர் வேனில் கண்ணாடிக்குக் கீழே, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். விலை கேட்டால் ‘அறுநூறு சில்லறை’ என்பார். அண்ணியிடம் மட்டும் வேறு விலை சொல்லியிருக்கிறார்.

‘ஒத்த டிக்கெட்டு தப்பிச்சாப் போதும்டா, போட்ட காசு வந்துரும்.’ இந்த ஒரு வரி எனக்கு ரொம்ப நாளாகச் செரிக்கவில்லை. தப்பு என்று தள்ளவும் முடியவில்லை, சரி என்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவர் வேனில் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டே இதைத்தான் யோசிப்பேன். நான் வாங்கவில்லை. ஆனால் வாங்கியவர்களை விட அதிகமாக அதைப் பற்றிப் படித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

காசுக் கணக்கு

முதலில் அவர் கணக்கிலேயே போகலாம். நியூஜெர்சியில் லிமிட்டைத் தாண்டி 14 மைல் வரை ஓட்டி மாட்டினால் லைசென்ஸில் 2 பாயிண்ட், அதாவது தவறுக்கு ஏறும் கறுப்புப் புள்ளி. 15 முதல் 29 மைல் வரை 4 பாயிண்ட், அதற்கும் மேலே போனால் 5. மூன்று வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் மாநிலம் தன் பங்குக்கு 150 டாலரில் தொடங்கி சர்சார்ஜ் போடும். இன்சூரன்ஸ்காரன் தன் பங்குக்கு ஏற்றுவான். இதற்குப் பயந்துதான் ஆட்கள் லீவு போட்டுக்கொண்டு முனிசிபல் கோர்ட்டுக்குப் போய், பிராசிக்யூட்டரிடம் பேசி, ‘அன்சேஃப் டிரைவிங்’ என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அதில் பாயிண்ட் கிடையாது. பதிலுக்கு அபராதத்தோடு 250 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆக ஒரு டிக்கெட்டின் மொத்தச் செலவு நானூறு, ஐந்நூறு என்று போய்விடுவது உண்மைதான். உருப்படியான டிடெக்டரும் நானூறிலிருந்து எண்ணூறு டாலர் வரை. நூறு டாலருக்கு விற்பதை வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம்.

அப்படியானால் அண்ணன் சொல்வது சரிதானே? ஒரு டிக்கெட், ஒரு டிடெக்டர், கணக்கு நேர். ஆனால் எத்தனை வருடத்துக்கு ஒரு டிக்கெட் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணமாக ஆபீசுக்கும் காஸ்ட்கோவுக்கும் வார இறுதியில் கோயிலுக்கும் ஓட்டுகிறவருக்கு ஐந்தாறு வருடத்துக்கு ஒன்று விழுந்தால் அதிகம். அதற்குள் அந்தப் பெட்டி பழசாகி, அடுத்த மாடல் வந்து, இவர் கை அரிக்கத் தொடங்கியிருக்கும். வருடத்துக்கு ஒன்று வாங்குகிறவர் என்றால், மன்னிக்கவும், அவருக்குத் தேவைப்படுவது பெட்டி அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேகமாகப் போய் என்ன கிடைக்கிறது? எங்கள் வீட்டிலிருந்து பிட்ஸ்பர்க் சுமார் 350 மைல். 70 மைல் வேகத்தில் நிற்காமல் போனால் 5 மணி நேரம். 80ல் போனால் 4 மணி 22 நிமிடம். மிச்சம் 38 நிமிடம். பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையின் சர்வீஸ் பிளாசாவில் இரண்டு குடும்பங்கள் இறங்கி, பாத்ரூம் போய், காபி வாங்கி, காணாமல் போன ஒரு செருப்பைத் தேடி, மறுபடி ஏறுவதற்குள் அந்த 38 நிமிடம் கரைந்துவிடும். தினசரி ஆபீஸ் பயணம் இன்னும் மோசம். 30 மைல் தூரத்தை 65ல் போகாமல் 75ல் போனால் மிச்சமாவது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. ‘ரூட் 1’ சாலையில் ஒரு சிவப்பு விளக்கு போதும், அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள.

ஆனாலும் காசை மட்டும் வைத்து இந்த விஷயத்தை முடித்துவிடுவது அண்ணனுக்கு நியாயம் செய்வதாகாது. நியூஜெர்சி டர்ன்பைக்கில் லிமிட் 65. யாரும் 65ல் போவதில்லை. இடது லேனில் அந்த வேகத்தில் போய்ப் பாருங்கள், பின்னால் வருகிறவன் விளக்கடித்தே உங்களை வெளியே தள்ளுவான். எல்லோரும் 78ல் போகும்போது ட்ரூப்பர், அதாவது மாநிலப் போலீஸ்காரர், யாரோ ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து ஓரங்கட்டுகிறார். அந்த ஒருவர் ஏன் நானாக இருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதுவும் நம் நிறத்தில் இருக்கிறவர்களுக்கு. இதே டர்ன்பைக்கில் நிறம் பார்த்து கார்களை நிறுத்திய விவகாரம் பெரிதாகி, 1999ல் நியூஜெர்சி மாநிலப் போலீஸ் மத்திய நீதித்துறையின் கண்காணிப்பை ஏற்றுக் கையெழுத்திட வேண்டிவந்தது. 2009 வரை அது நீடித்தது. பிறகு விசா. நமக்கு பயம் அபராதத்தில் இல்லை, ‘ரெக்கார்டில்’ ஏறிவிடுமோ என்பதில்தான். சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் நியூஜெர்சியில் குற்ற வழக்கு அல்ல. ஆனால் விர்ஜினியாவில் லிமிட்டை 20 மைலோ அதற்கு மேலோ தாண்டினாலும், எந்த லிமிட்டானாலும் 85ஐத் தாண்டினாலும் ‘ரெக்லெஸ் டிரைவிங்’. அது கிரிமினல் குற்றம். சட்டப் புத்தகத்தின்படி 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் போகலாம். ஊருக்குப் போய் விசா முத்திரை குத்திவர வேண்டியவனுக்கு அந்த வாசகத்தைப் படித்தாலே வயிற்றைக் கலக்கும். ஆகவே போலீஸ் வண்டியின் சிவப்பு, நீல விளக்கு கண்ணாடியில் தெரியாமலிருக்க அறுநூறு டாலர் தரலாம் என்று ஒருவர் நினைத்தால் நான் சிரிக்க மாட்டேன்.

சிரிப்பு வருவது அடுத்த விஷயத்தில். தீவிரக் கட்டுப்பாடு உள்ள அந்த விர்ஜினியாவில்தான் டிடெக்டர் பயன்படுத்துவதே சட்டவிரோதம். வாஷிங்டன் டி.சி.யிலும் அப்படியே. மற்ற மாநிலங்களில் சாதாரணக் கார்களில் வைத்துக்கொள்ளலாம். பெரிய லாரிகளுக்கு நாடு முழுக்கத் தடை. பயம் அதிகம் உள்ள இடத்தில் துணைக்கு வராத துணை. நார்த் கரோலினா போகும்போது பொட்டோமாக் ஆற்றுப் பாலம் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைப் பின்னால் சூட்கேஸுக்குள் போடச் சொல்லிவிடுவார். மின் இணைப்பில்லாமல், கைக்கெட்டாத இடத்தில் இருந்தால் விர்ஜினியாவில் குற்றமில்லை. கனடாவின் ஒண்டாரியோவில் அந்தச் சலுகையும் கிடையாது. டொராண்டோ சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே அணைத்து மூட்டைக்குள் வைத்திருந்தாலும் குற்றம்தான், போலீஸ் பெட்டியைப் பறித்துக்கொள்ளலாம்.

அது எப்படிக் கேட்கிறது

பொறியியல் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கருவி அற்புதமானது. ரேடார் துப்பாக்கி நுண்ணலையை அனுப்புகிறது; அது நம் காரில் பட்டுத் திரும்புகிறது; திரும்பும்போது அதன் அதிர்வெண் நம் வேகத்துக்கேற்பக் கொஞ்சம் மாறியிருக்கும். கே பேண்ட் என்ற அலைவரிசையில் இயங்கும் ரேடாரில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு மாற்றம் சுமார் 72 ஹெர்ட்ஸ். 70 மைலில் போகும் காரென்றால், நொடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட ஓர் அலையில் ஐயாயிரம் அதிர்வு வித்தியாசம். அதைப் பிடித்து எண்ணாகக் காட்டுகிறது துப்பாக்கி. டிடெக்டர் எதையும் அனுப்புவதில்லை. அது ஒரு ரேடியோ, அவ்வளவுதான். இதில்தான் அதன் பலம் இருக்கிறது. துப்பாக்கியின் அலை போய்த் திரும்ப வேண்டும். டிடெக்டருக்கு ஒரு வழிப் பயணம் போதும். தூரம் இரட்டித்தால் டிடெக்டரை வந்தடையும் அலை நான்கில் ஒன்றாகக் குறையும். துப்பாக்கிக்குத் திரும்பி வரும் எதிரொலியோ பதினாறில் ஒன்றாகிவிடும். ஆகவே போலீஸால் உங்களை அளக்க முடிவதற்கு வெகு முன்னதாகவே உங்கள் பெட்டிக்கு அது காதில் விழுந்துவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம், வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பதைக்கூடச் சிதறிவரும் அலையை வைத்துச் சொல்லிவிடும். முதல் தடவை அது நடப்பதைப் பார்த்தபோது நான் உண்மையிலேயே கைதட்டினேன்.

இது போலீஸ் ரேடாரைத் தொடர்ந்து எரியவிட்டிருந்தால். நடைமுறையில் பலர் அதை உறங்கவிட்டு, கார் நெருங்கிய பிறகே விசையை அழுத்துகிறார்கள். அழுத்திய ஒரு நொடிக்குள் வேகம் தெரிந்துவிடும். உங்களுக்கு அரை மைல் முன்னால் வேறொருவர் போய், அவர்மேல் விசை அழுத்தப்பட்டால், அந்த அலையின் சிதறல் உங்கள் பெட்டிக்கு எட்டும், தப்பிப்பீர்கள். காலிச் சாலையில் முதல் ஆளாக நீங்கள் வந்தால், பெட்டி கத்துவதும் நீங்கள் மாட்டுவதும் ஒரே சமயத்தில்தான் நடக்கும். யோசித்துப் பாருங்கள், முன்னால் போகிறவன் மாட்டினால்தான் நமக்குச் சத்தம் வரும். அண்ணன் இதை ஒப்புக்கொள்வார். அதனால்தான் டர்ன்பைக்கில் அவர் எப்போதும் தன்னைவிட வேகமாகப் போகிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்தொடர்வார். அந்த முன்கார்க்காரரிடம் பெட்டி இருக்காது என்பது இவர் நம்பிக்கை.

லேசர் வந்த பிறகு இந்த நம்பிக்கைக்கும் இடமில்லை. அது 904 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர். 300 மீட்டர் தூரத்திலும் கதிரின் அகலம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். ட்ரூப்பர் அதை உங்கள் நம்பர் பிளேட்டில் குறிவைக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெட்டிக்கு அது தெரியாமலே போகலாம். தெரிந்து கத்தினால், வேகம் ஏற்கெனவே அளந்தாகிவிட்டது என்று அர்த்தம். நியூஜெர்சியில் 1996ல் ஒரு நீதிபதி இந்த லேசர் அளவை ஏற்க மறுத்து, மேலும் சோதனைகள் நடந்த பிறகு 1998ல் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து இங்கே அது பழக்கமான ஆயுதம். பென்சில்வேனியாவின் கதை வேறு விதம். அங்கே ரேடார் மாநிலப் போலீஸ் கையில் மட்டும். ஊர்ப் போலீஸுக்குப் பல பத்தாண்டுகளாக அந்த அனுமதி மறுக்கப்பட்டு வந்திருக்கிறது. அவர்கள் சாலையில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீங்கள் எத்தனை நொடியில் கடக்கிறீர்கள் என்று கணக்கிடுகிறார்கள். இதில் அலையும் இல்லை, கதிரும் இல்லை. அறுநூறு டாலர் பெட்டி அந்தக் கோடுகளின்மேல் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்.

அமைதி இல்லாத இடம் கடைத்தெரு. தானாகத் திறக்கும் கடைக்கதவுகளில் இருப்பதும் கே பேண்ட். பல கார்களில் பக்கவாட்டில் வண்டி வருவதைச் சொல்லும் உணரிகளும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் வட்டாரம். நல்ல பெட்டிகள் ஜி.பி.எஸ். வைத்து, இந்த மருந்துக்கடை வாசலில் தினமும் வருவது பொய் என்று கற்றுக்கொள்கின்றன. பக்கத்து லேனில் நகர்ந்துகொண்டே வருகிற காரை எப்படிக் கற்பது? புதிய கார்கள் பல 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டதால் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் ‘ரூட் 1’ சாலையில் மாலை நேரத்தில், தபால்காரனைக் கண்டாலும் குரைக்கும், திருடனைக் கண்டாலும் குரைக்கும் நாயோடு போகிற மாதிரிதான். இரண்டு வாரத்தில் நம் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். உண்மையான சத்தத்தையும் சேர்த்து.

இந்தக் கருவி எந்த உலகத்துக்காகப் பிறந்தது என்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெளிவு கிடைத்தது. எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரியில், நாடு முழுமைக்கும் 55 மைல்தான் உச்ச வேகம் என்று நிக்சன் கையெழுத்துப் போட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லாத நேர்ச் சாலையிலும் 55. யாரும் மதிக்கவில்லை. ஒஹாயோவின் டேட்டனைச் சேர்ந்த டேல் ஸ்மித் உருவாக்கிய ‘ஃபஸ்பஸ்டர்’ பெட்டிகள் ஓடி விற்றன. 1978ல் அதே மாநிலத்தின் சின்சினாட்டியிலிருந்து ஜிம் ஜேகர், மைக் வேலண்டைன் என்ற இரண்டு பொறியாளர்களின் ‘எஸ்கார்ட்’ வந்தது. இருவரும் பிரிந்த பிறகு, 1992ல் வேலண்டைன் தனியாகக் கொண்டுவந்த பெட்டி, ரேடார் முன்னாலா, பக்கவாட்டிலா, பின்னாலா என்று அம்புக்குறி காட்டியது. மறுபக்கம், டிடெக்டரின் உள்ளிருந்து கசியும் மெல்லிய அலையைப் பிடித்து ‘இந்தக் காரில் டிடெக்டர் இருக்கிறது’ என்று போலீஸுக்குச் சொல்லும் கருவி வந்தது. அந்தக் கருவியைக் கண்டுகொண்டு அடங்கிப்போகும் டிடெக்டரும் வந்தது. இந்தப் போட்டியைப் படிக்கப் படிக்க எனக்கு ஆனந்தம். ஆனால் 55 மைல் சட்டம் 1995லேயே போய்விட்டது. மேற்கு டெக்சாஸில் இப்போது லிமிட்டே 80. பெட்டி பிறந்த காரணம் பாதி போய்விட்டது. பெட்டி மட்டும் வருடாவருடம் புத்திசாலியாகிக்கொண்டே வருகிறது.

பின் சீட்டுப் பாடம்

என் மனதில் இந்த விஷயம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போன வருடம் வசந்த காலத்தில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணன் மதுரைக்குப் போயிருந்தார். அவர் மகளுக்கு ரோடு டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. பெர்மிட்டில் ஓட்டும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். அண்ணி உட்கார்ந்தால் முதல் சிக்னலுக்குள் இருவருக்கும் சண்டை வந்துவிடும். ‘நீங்க கொஞ்சம் போய்ட்டு வாங்களேன் தம்பி’ என்றார். நம்பர் பிளேட்டில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, சனிக்கிழமைக் காலைகளில் கிளம்புவோம். கண்ணாடிக்குக் கீழே பெட்டி வழக்கம்போல விழித்திருக்கும். காரைக் கிளப்பினால் அதுவும் கிளம்பிவிடும், யாரும் அதை அணைக்க நினைத்ததில்லை.

நல்ல டிரைவர் அந்தப் பெண். பேரலல் பார்க்கிங்கில் என்னைவிடத் துல்லியம். ஸ்டாப் சைனில் முழுதாக நிற்பாள். அன்று ஊருக்கு வெளியே ஒரு கவுண்ட்டி சாலை; இரண்டே லேன்; ஒரு பக்கம் சோளக்காடு, இன்னொரு பக்கம் நடைபாதை இல்லாத வீடுகள், வாசலில் தபால் பெட்டிகள். லிமிட் 40. சாலை லேசாகச் சரிகிற இடத்தில் வண்டி தானாக வேகமெடுத்தது. அவள் கவலைப்படவில்லை. 56 காட்டியது. ‘கொஞ்சம் குறைம்மா’ என்றேன்.

‘ஏன் அங்கிள்? அது ஒண்ணும் சொல்லலையே’ என்றாள்.

கிண்டலோ எதிர்த்துப் பேசுவதோ இல்லை. நிஜமாகவே கேட்டாள். ‘இங்க லிமிட் எவ்வளவு?’ என்று கேட்டேன். அவள் கண் சாலையோரப் பலகையைத் தேடவில்லை, பெட்டியைத்தான் பார்த்தது. பெட்டி அவளுக்கு வேகத்தைக் காட்டியது, 56 என்று. லிமிட் காட்டவில்லை. பிறகு காலை எடுத்து மெதுவாக்கினாள். அடுத்த திருப்பத்தில் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நிதானமாக இடம் விட்டுத் தாண்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கும் என்று சொல்ல வரவும் இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து வளர்ந்த பெண். அப்பா எப்போது வேகத்தைக் குறைக்கிறார் என்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். மழைக்கா? வளைவுக்கா? பள்ளிக்கூடத்துக்கா? அவற்றுக்கும் குறைத்திருப்பார், அண்ணன் பொறுப்பில்லாதவர் இல்லை. ஆனால் குழந்தையின் காதில் பதிந்தது சத்தத்தோடு சேர்ந்து வந்த குறைப்புதான். பீப் வந்தால் பிரேக். பீப் இல்லையென்றால் பத்திரம். அவள் பிழையில்லாமல் கற்றிருந்தாள். பெட்டி போலீஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. அவள் அதை ஆபத்து இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டாள். அறுநூறு டாலர் கொடுத்து அதைக் கண்ணாடியில் ஒட்டியவர்களும் உள்ளுக்குள் கொஞ்சம் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது.

கணக்குப் பைத்தியம் என்பதால் அன்றிரவு இதையும் போட்டுப் பார்த்தேன். 40ல் போகும் வண்டி 56ல் போனால் வேகம் நாற்பது சதவீதம்தான் கூடுகிறது. மோதினால் தாங்க வேண்டிய ஆற்றலும், பிரேக் அழுத்திய பிறகு வண்டி ஓடும் தூரமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகின்றன. அமெரிக்காவில் 2021லும் 2022லும், ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் வேகம் ஒரு காரணமாக இருந்த விபத்துகளில் இறந்தார்கள். சாலைச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. டிடெக்டர் வைத்தவர்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் சாலையில் சின்னச் சிறுபான்மை. டிடெக்டர் வைத்த பிறகு கவனம் கூடுகிறது என்று அவர்கள் வாதிடுவதையும் கேட்டிருக்கிறேன். கூடுகிறதுதான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் மீடியனில் ‘அதிகாரப்பூர்வ வண்டிகள் மட்டும்’ என்று பலகை உள்ள ஒவ்வொரு திருப்பத்தையும், பாலத்துக்குக் கீழேயுள்ள ஒவ்வொரு நிழலையும் பார்ப்பார். அவ்வளவு கூர்மையான கண். எல்லாம் சாலையோரத்தில்.

யாருக்கு, எங்கே

இப்போது குழுவில் யாராவது கேட்டால் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: ‘எங்கே ஓட்டுறீங்க?’ மேற்கு டெக்சாஸில் மிட்லாண்டிலிருந்து எல் பாசோ வரைக்கும், நெவாடா பாலைவனத்தில், மொன்டானாவில் என்று மாதத்தில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டுகிறவர் என்றால், வாங்குங்கள் என்பேன். அங்கே பொய்ச் சத்தம் குறைவு, போலீஸ் பயன்படுத்துவது பெரும்பாலும் கேஏ பேண்ட் என்ற வேறொரு அலைவரிசை, பெட்டி பல மைல் முன்னாலேயே சொல்லிவிடும். அதிலும் நூறு டாலர் பெட்டி வேண்டாம். நியூஜெர்சி, நியூயார்க், மேரிலாந்து என்று இந்த நெரிசலுக்குள் சுற்றுகிறவர் என்றால் வேண்டாம் என்பேன். இங்கே பாதி வேலையை வேஸ் ஆப் இலவசமாகச் செய்கிறது. அது அலையைக் கேட்பதில்லை, முன்னால் போன மனிதர்கள் ‘மாமா நிற்கிறார்’ என்று தட்டிவிட்டதைச் சொல்கிறது. லேசர் வைத்து நிற்கும் மாமாவும், ரேடார் அணைத்து டோனட் சாப்பிடும் மாமாவும் அதில் தெரிவார்கள். காலிச் சாலையில் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள் என்பது அதன் குறை. நெரிசலில் அந்தக் குறை இல்லை. நியூயார்க் நகரத்தில் 2022 ஆகஸ்டிலிருந்து ஸ்பீட் கேமராக்கள் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகின்றன. 50 டாலர் சீட்டு தபாலில் வரும், பாயிண்ட் கிடையாது. அந்தக் கேமராக்களின் இடமெல்லாம் ஆப்பிலேயே இருக்கிறது. ஜாமர் வாங்கலாமா என்று ஒரு தம்பி தனியாக மெசேஜ் போட்டிருந்தார். போலீஸ் ரேடாரைக் குழப்பும் கருவி மத்தியச் சட்டப்படி குற்றம். ஹெச்-1பியில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிவிட்டேன். மீதிக்காசில் பனிக்கால டயர் வாங்கு என்றும் சொன்னேன். பதில் இல்லை.

அண்ணன் ஊரிலிருந்து திரும்பியதும், மகள் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் பெரிதாகச் சிரித்தார். பிறகு கொஞ்சம் நேரம் ஒன்றும் பேசவில்லை. பாப்பா ஓட்டும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுவதாகச் சொன்னார், செய்தும் விட்டார். அவள் ரோடு டெஸ்ட் பாஸாகி, இப்போது அப்பாவைவிட மெதுவாக ஓட்டுகிறாள். அதற்கு நான்தான் காரணம் என்று அண்ணி சொல்வதும், அவள் நெருங்கிய சிநேகிதிக்கு வந்த டிக்கெட்தான் காரணம் என்று அவளே சொல்வதும் உண்டு. அண்ணன் தன் பங்குக்குப் புது மாடல் வாங்கிவிட்டார். விலை கேட்டேன், இந்த முறை எனக்கும் வேறு விலைதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

‘பழச நீ வச்சுக்கடா, சும்மாத்தான கெடக்கு’ என்று கையில் திணித்தார். அடுத்த வாரம் மச்சினி வீட்டுக்கு டொராண்டோ போகிறோம் அண்ணே என்றேன். ‘அய்யய்யோ, அப்ப வேணாம்’ என்று அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.